செத்த கணவாயின் தோலில் நிறம் ஓடுவது எப்படி?

கேள்வி: எங்கள் வீடு குளச்சலில், துறைமுகத்துக்குப் பக்கம். காலையில் வள்ளத்தில் வந்த ஓட்டுக் கணவாய் ஒன்று வாங்கிக் கழுவுவதற்காகச் சட்டியில் போட்டேன். அது செத்து நேரமாகிவிட்டது. ஆனாலும் முதுகில் பழுப்புப் புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. விரல் பட்ட இடம் கறுத்தது, பிறகு வெளுத்தது. “வயிற்றிலிருக்கிற மை தோலுக்கு ஏறுகிறது” என்கிறார் மாமியார். “பச்சோந்தி மாதிரி சட்டியின் நிறத்தைப் பார்த்து மாறுகிறது” என்கிறான் மகன். செத்தது எப்படிப் பார்க்கும்?
— ஒரு வாசகி, குளச்சல்

பதில்: மாமியாரும் மகனும் சொன்ன இரண்டு விளக்கங்களும் பலர் நம்புகிறவைதான். ஆனால் உங்கள் கடைசி வரி அவற்றைவிட நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறது. செத்த உயிரால் பார்க்க முடியாது, பயப்பட முடியாது, ஒளிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அப்படியும் நிறம் ஓடுகிறது என்றால், ஓட்டுகிற கருவி தோலிலேயே இருக்க வேண்டும். அது அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் மாமியாரின் மையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவோம்.

கணவாயின் மைப்பை வயிற்றுக்குள், குடலை ஒட்டி இருக்கிறது. அதன் குழாய் குடல் முடிகிற இடத்தில் திறந்து, அங்கிருந்து தலைக்குக் கீழே உள்ள புனல் வழியாக வெளியே போகும். தோலுக்குப் போகிற குழாய் எதுவும் கிடையாது. நீங்கள் பழக்கமான கையால் மைப்பையைக் கிழிக்காமல் முழுதாக எடுத்துப் போட்ட பிறகும் முதுகில் புள்ளிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தோலை உரித்தால் புள்ளிகள் தோலோடு போய்விடும், சதை வெள்ளையாக நிற்கும். மை, தோல் இரண்டின் சாயமும் வேறு. மையில் இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே வகைப் பொருள். தோலில் இருப்பது ஓமோகுரோம் என்கிற இன்னொரு நிறமி. பூச்சிகளின் கண்களுக்கு நிறம் தருகிற இனத்தைச் சேர்ந்தது.

ரத்தம் பாய்ந்து சிவக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் பொருந்தாது. கணவாயின் ரத்தத்தில் நம்முடையதைப்போல் இரும்பு இல்லை. உயிர்வளியைச் சுமப்பது செம்பு கலந்த ஒரு புரதம். அதனால் அந்த ரத்தம் வெளிர் நீலமாக இருக்கும். எவ்வளவு பாய்ந்தாலும் தோலில் பழுப்பு வராது.

இனி தோலுக்கு வருவோம். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நிறப்பை. குரோமட்டோஃபோர் என்பது அதன் அறிவியல் பெயர். ரப்பரைப்போல் இழுபடும் நுண்ணிய பை அது, உள்ளே மஞ்சளோ செம்மஞ்சளோ கரும்பழுப்போ ஏதாவது ஒரு நிறமி அடைந்திருக்கும். பையைச் சுற்றி ஆரக்கால்களாகப் பத்து முதல் முப்பது தசை நார்கள் ஒட்டியிருக்கின்றன. சுருட்டிக் கிடக்கிற பந்தல் துணியை நாலாபுறமும் ஆட்கள் நின்று ஒரே நேரத்தில் இழுத்தால் எப்படி விரியுமோ அப்படி, இந்த நார்கள் சேர்ந்து சுருங்கும்போது பை பல மடங்கு அகலமாகித் தட்டையாக விரியும். அப்போதுதான் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. நார்கள் தளர்ந்ததும் பை தன் இழுவிசையாலேயே சுருங்கி ஊசிமுனைப் புள்ளியாகிவிடும், தோல் வெளுக்கும். சாயம் எங்கும் ஓடுவதில்லை, ஊறுவதில்லை. இருந்த இடத்திலேயே விரிகிறது, சுருங்குகிறது. ஒரு நொடிக்குள் இது நடந்து முடிந்துவிடும்.

இந்தத் தசைகளுக்குக் கட்டளை மூளையிலிருந்தே நேராக வருகிறது. நரம்பு ஒன்று மூளையில் புறப்பட்டு, நடுவில் எங்கும் கைமாறாமல், தோலிலுள்ள நாருக்கு வந்து சேர்கிறது. வளர்ந்த கணவாய் ஒன்றின் தோலில் இப்படிப்பட்ட பைகள் லட்சக்கணக்கில் உண்டு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் கில் லோரான் குழுவினர், நீந்திக்கொண்டிருக்கும் கணவாயைப் படம்பிடித்து, பல்லாயிரம் பைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, எவையெல்லாம் சேர்ந்தே விரிகின்றன என்று கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். பைகளின் அசைவை மட்டும் வைத்து, அவற்றை ஆட்டும் நரம்புகள் எப்படித் தொகுதி தொகுதியாக இணைந்திருக்கின்றன என்று அவர்களால் ஊகிக்க முடிந்தது. தோலைப் பார்த்து மூளையைப் படிப்பது என்று இதைச் சொல்லலாம். அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: புதிதாகப் பிறக்கிற பை முதலில் மஞ்சளாக இருக்கிறது, வாரங்கள் போகப் போக முதிர்ந்து கருக்கிறது. கணவாய் வளர வளர, இருக்கிற பைகளுக்கு நடுவே இளம் மஞ்சள் பைகள் முளைத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் சட்டிக்கு இப்போது திரும்பலாம். கணவாய் செத்ததும் மூளையின் கட்டளை நின்றுவிடுகிறது. கட்டளை இல்லையென்றால் நார்கள் தளரும், பைகள் சுருங்கும், உடம்பு பொதுவாக வெளுக்கும். நீங்கள் வாங்கியதும் மொத்தத்தில் வெளிறித்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு விலங்கு செத்த அதே நொடியில் அதன் எல்லா உறுப்புகளும் செத்துவிடுவதில்லை. தோலிலுள்ள தசை நார்களிடம் சேமிப்பில் கொஞ்சம் சக்தி மிஞ்சியிருக்கும். நரம்பு முனைகளிலும் தூண்டும் பொருள் மிஞ்சியிருக்கும். அவை அங்கங்கே தாமாகவே துடிக்கின்றன. எந்த நார்கள் துடிக்கின்றனவோ அந்தப் பை விரிகிறது, அடுத்த கணம் தளர்கிறது. தோன்றித் தோன்றி மறைகிறது என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

விரல் பட்ட இடம் கறுத்ததற்கும் காரணம் இதுவே. அழுத்தம் தசையைத் தூண்டும். உப்பும் தூண்டும். தசையும் நரம்பும் வேலை செய்வது சோடியம் போன்ற உப்புத் துகள்கள் உள்ளே வெளியே போய்வருவதால்தான். வெளியிலிருந்து உப்பு திடீரென்று கூடினால் அவை உசுப்பப்படும். ஜப்பானின் ஹகோடாட்டே நகரத்தில், அப்போதுதான் பிடித்த கணவாயைச் சோற்றின்மேல் வைத்து சோயா சாற்றை ஊற்றுவார்கள். உயிர் போன அந்தக் கணவாயின் கைகள் நெளிந்து ஆடும். பார்ப்பவர்கள் உயிர் இருக்கிறது என்று பதறுவார்கள். ஆடவைப்பது சாற்றிலுள்ள உப்புதான். செத்த தவளையின் கால் துடிப்பதைப் பார்த்து இத்தாலியின் கால்வானி 1791-ல் எழுதியதும் இந்த வகைச் சங்கதியே.

வெளிச்சமும் ஒரு தூண்டுகோலாகலாம். கலிபோர்னியாவில் ராமிரெஸ், ஓக்லி என்ற இருவர் 2015-ல் ஒரு சோதனை செய்தார்கள். பேய்க் கணவாயின் ஓர் இனத்திலிருந்து தோலை மட்டும் வெட்டி எடுத்து அதன்மேல் பளிச்சென்று ஒளி அடித்தார்கள். மூளையும் இல்லை, கண்ணும் இல்லை, இருந்தும் நிறப்பைகள் விரிந்தன. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணர்கிற புரதம் அந்தத் தோலிலும் இருந்ததைக் கண்டார்கள். அது உங்கள் ஓட்டுக் கணவாய் அல்ல, அதன் உறவு. ஆகவே செத்தது எப்படிப் பார்க்கும் என்ற உங்கள் கேள்விக்கு, உறவுக்கார இனத்தில் தோலே கொஞ்சம் ஒளி உணர்கிறது என்று பதில் கிடைத்திருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனதில் வந்திருக்கலாம்: அதற்கு வலிக்கிறதா? இல்லை. வலியை உணர மூளை வேண்டும். உடம்பிலிருந்து பிரித்தெடுத்த விரல் நீளத் தோல் துண்டிலும் இதே புள்ளியாட்டம் நடக்கும். நிம்மதியாகக் கழுவுங்கள்.

கூடவே ஒன்று: உங்களுக்குக் கிடைத்தது மிகப் புதிய சரக்கு. பல நாள் தங்கி வருகிற விசைப்படகின் ஐஸ் அறையிலிருந்து எடுத்த கணவாயில் இந்த ஆட்டம் இராது, தசையின் சேமிப்பு என்றைக்கோ தீர்ந்திருக்கும். அதிகாலையில் போய்க் காலையில் திரும்பும் வள்ளத்துக் கணவாயில்தான் இதைப் பார்க்க முடியும். புள்ளிகள் தெளிவாக, தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. நாட்பட்டதில் பைகள் உடைந்து சாயம் கசிந்து, சதை இளஞ்சிவப்பாகும். அதை வாங்காதீர்கள்.

இனி மகனின் விளக்கம். உயிரோடு இருக்கிற கணவாயைப் பற்றி அவன் சொன்னதாக வைத்துக்கொண்டால் பாதி சரி. பச்சோந்தியோடு ஒப்பிட்டது பொருந்தாது. பச்சோந்தியின் தோலில் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. படிகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறும்போது அவை திருப்பியனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றில் இதைக் கண்டார்கள். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பெரும்பாலும் எதிரியையோ இணையையோ கண்டு நிகழ்வது அது. ஒளிவதற்காக என்பது குறைவு. கணவாயோ தசையால் இயங்குகிறது. நீங்கள் விரலை மடக்குகிற வேகத்தில் அது தன் உடம்பின் நிறத்தை மாற்றும்.

“நிறத்தைப் பார்த்து மாறுகிறது” என்பதில்தான் பெரிய வியப்பு காத்திருக்கிறது. கணவாய்க்கு நிறம் தெரியாது. நம் விழித்திரையில் வெவ்வேறு நிற ஒளியை ஏற்கும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. மூன்றையும் ஒப்பிட்டுத்தான் மூளை இது சிவப்பு, இது பச்சை என்று பிரிக்கிறது. கணவாயின் கண்ணில் ஒளி ஏற்கும் நிறமி ஒன்றே ஒன்று. ஒப்பிட இரண்டாவது இல்லை. அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ரோஜர் ஹான்லன் குழுவினர் ஐரோப்பியக் கணவாயை ஒரு சதுரங்கக் கட்டத்தின்மேல் விட்டார்கள். கட்டங்கள் நீலமும் மஞ்சளுமாக மாறிமாறி இருந்தன. ஆனால் கணவாயின் கண்ணுக்கு இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரியும்படி அமைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டத்தின்மேல் விட்டால் உடனே திட்டுத் திட்டாக மாறுகிற அந்தக் கணவாய், இங்கே ஒரே சீரான நிறத்தில் படுத்துக்கொண்டது. கட்டமே அதன் கண்ணில் படவில்லை. 2006-ல் வெளியான சோதனை இது.

நிறம் தெரியாத உயிர் மணலோடும் பாறையோடும் பாசியோடும் எப்படி இவ்வளவு பொருந்துகிறது? அது பார்ப்பது வேறு விஷயங்களை. சுற்றுப்புறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நிழல். விளிம்புகள் கூர்மையா, மழுங்கலா. கிடக்கிற கற்கள் சின்னவையா, தன் உடம்பளவுக்குப் பெரியவையா. மணல் என்றால் சீரான வெளிர்நிறம். பருக்கைக் கல் என்றால் புள்ளித் திட்டுகள். பெரிய வெள்ளைக் கற்கள் கிடந்தால், ஐரோப்பியக் கணவாய் முதுகின் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைச் சதுரம் காட்டும். மேலிருந்து பார்க்கிற மீனுக்கு அந்தச் சதுரம் இன்னொரு கல்லாகத் தெரியும், சுற்றியுள்ள உடம்பு கரைந்துபோகும்.

நிறத்தைச் சரிசெய்கிற வேலையைப் பெருமளவு தோலே செய்துவிடுகிறது. நிறப்பைகளுக்கு அடியில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று மெல்லிய தகடுகளால் ஒளியைத் திருப்பியனுப்பி நீலமும் பச்சையுமாக மினுங்கும். அதற்கும் கீழே வெண்ணிற உயிரணுக்கள், லூக்கோஃபோர் என்பார்கள். எந்த நிற ஒளி வந்து விழுந்தாலும் அதையே திருப்பியனுப்புகிறவை அவை. பச்சை ஒளி பரவிய நீரில் பச்சையும் மஞ்சள் ஒளியில் மஞ்சளும் தோலிலிருந்து தானாகவே திரும்பி வரும். கணவாய் அதை அறிய வேண்டியதே இல்லை. கடலுக்குள் இறங்க இறங்க நீர் முதலில் சிவப்பு ஒளியைத்தான் விழுங்குகிறது. கொஞ்ச ஆழத்திலேயே உலகம் நீலப்பச்சையாகிவிடும். அங்கே மஞ்சள், செம்மஞ்சள், கரும்பழுப்பு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலே எதிரியின் கண்ணை ஏமாற்றப் போதும்.

ஆங்கில எழுத்து ‘டபிள்யூ’ வடிவத்தில் மடங்கிய கணவாயின் கண்பாவையைப் பார்த்திருப்பீர்கள். அந்த விசித்திர வடிவம் நிறங்களைத் தனித்தனியாகக் குவிக்க உதவலாம், அப்படி ஒரு குறுக்குவழியில் அது நிறத்தை ஊகிக்கலாம் என்று 2016-ல் ஸ்டப்ஸ் என்ற தந்தையும் மகனும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அழகான கருத்து. ஆனால் நீலமஞ்சள் கட்டத்தில் கணவாய் தோற்றதை நினைக்கும்போது நான் இன்னும் ஹான்லன் பக்கம்தான் நிற்கிறேன்.

இந்தத் திறமை ஏன் இவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால், ஓட்டை உள்ளே இழுத்துக்கொண்டதால் என்பேன். கணவாயின் முன்னோர் சங்கு, சிப்பிகளைப்போல் வெளியே ஓடு சுமந்தவர்கள். காலப்போக்கில் ஓடு உடம்புக்குள் போனது. இன்று அது மிதக்க உதவுகிற லேசான வெண்தகடு. கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கிக் கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பார்கள். ஓடு போனதும் வேகம் வந்தது, கூடவே ஆபத்தும் வந்தது. எலும்பில்லாத, முள்ளில்லாத, ருசியான சதை. களவா, சூரை, சுறா, ஓங்கில் எல்லாமே அதைத் தேடும். கண்ணில் படாமல் இருப்பதொன்றே அதற்கு மிஞ்சிய கவசம். முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சு நிறம் மாற்றத் தொடங்கிவிடும். தாய் கூட இருந்து கற்றுக்கொடுப்பதில்லை.

உங்கள் கடலில் அதிகம் கிடைப்பது செப்பியா ஃபராவோனிஸ் என்னும் இனம். செங்கடலில் கிடைத்ததை வைத்து எகிப்திய மன்னர்களின் பெயரை அதற்கு இட்டார்கள். உடம்பு மட்டும் 40 சென்டிமீட்டரைத் தாண்டும், எடை 5 கிலோ வரை போகும். குளச்சலிலிருந்து அதிக தூரமில்லாத விழிஞ்ஞத்தில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில், இதைத் தொட்டியில் வளர்த்து அதன் வளர்ச்சியையும் இணைசேர்வதையும் பதிவு செய்து 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இணைசேரும் காலத்தில் இதன் ஆண், ஒளிகிற வேலையை மறந்து, உடம்பெல்லாம் வரிக்குதிரைக் கோடுகளை விரித்துக்கொண்டு நிற்கும். அதே தசை, அதே பைகள், நோக்கம் மட்டும் நேர் எதிர். ஜப்பானின் ஓகினாவாவில் இதே இனத்தை வளர்த்தவர்கள் 2017-ல் இன்னொன்று எழுதினார்கள்: இரை தேடும்போது இது கைகளை மடித்து, நிறத்தைக் கருக்கி, சங்குக்குள் வாழும் துறவி நண்டு நடப்பதைப்போலவே அசைகிறதாம். நண்டுதானே என்று சிறுமீன்கள் அசட்டையாக இருக்கும்போது இரண்டு நீண்ட கைகள் பாயும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கணவாய்க்கு ஏறக்குறைய ஓராண்டுதான் ஆயுள், முட்டையிட்டதும் செத்துவிடும். அடுத்த ஆண்டின் கணவாய் முழுவதும் இந்த ஆண்டு முட்டைகளிலிருந்தே வர வேண்டும். முட்டைகளை அது கொத்துக் கொத்தாகக் கடலடியில் எதிலாவது ஒட்டவைக்கும். இதை நன்றாக அறிந்தவர்கள் குமரி மாவட்டத்துக் கடற்காரர்கள். தென்னம்பாளைகளைக் கட்டி, மணல் மூட்டை சேர்த்துக் கடலில் இறக்கி, முட்டையிட வருகிற பெரிய கணவாய்களைத் தூண்டிலில் பிடிக்கிற முறையை அவர்கள் கர்நாடகக் கரை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். கடலின் குணம் தெரிந்தவர்களின் நுட்பமான வேலை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் பிடிபடுவது முட்டையிட வந்த தாய். முட்டை ஒட்டியிருக்கிற பாளைக் கட்டை மேலே இழுத்துப் போட்டால் முட்டைகளும் காய்ந்துபோகும். குறைந்தது அந்தக் கட்டுகளைக் கடலிலேயே விட்டுவைத்தால் குஞ்சுகளாவது பொரியும். விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலையில் விடுகிற ஓய்வைப்போல் முட்டைக்கும் ஓர் ஓய்வு வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் இதை அவர்களிடம் பேசுங்கள். என்னைவிட அவர்களுக்குத் தெரிந்தது அதிகமாகவும் இருக்கும்.

மகனுக்கு ஒரு வேலை. அடுத்த முறை வள்ளத்துக் கணவாய் வரும்போது, முதுகுத் தோலில் தீப்பெட்டி அளவு இரண்டு துண்டு வெட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்து, காயாமல் ஒரு சொட்டுக் கடல்நீர் விடச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். முதலில் தொடாமல் பார்க்கட்டும்; பிறகு ஊசியின் மழுங்கிய முனையால் ஓரிடத்தைத் தொடட்டும்; கடைசியில் ஒரு கல் உப்பை ஓரத்தில் வைக்கட்டும். இரண்டாவது துண்டை ஐஸ் மேல் வைத்து, எது முதலில் ஓய்கிறது என்று நேரம் குறிக்கட்டும். மஞ்சள் பைகள் எத்தனை, கரும்பழுப்பு எத்தனை என்று விரல்நக அளவு இடத்தில் எண்ணி எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அதைப் பற்றியே பேசலாம்.